சைட் கொடுத்தவர்

அவர் ஒதுங்கிச் சைட் கொடுக்காத வாகனம் ஒன்று அம்பிட்டிய வீதியில் ஓடியிருக்காது. பஸ், லொறி, வேன், திரீவீல், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் கொடுப்பார். பின்னால் நடந்து வருகிறவர் கொஞ்சம் அவசரமாக வந்தால் அவருக்கும் கொடுப்பார். திரும்பிப் பார்க்கும் பழக்கம் இல்லை. என்ன வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது, ஓட்டுகிறவன் பொறுமைசாலியா என்பதுவரை சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சத்தம் நெருங்கியதும் சைக்கிளை வடிகான் விளிம்புவரை ஒதுக்குவார். வலது கையை உயர்த்தி முன்னோக்கி இரண்டு தடவை வீசுவார். கலியாண வீட்டில் வந்தவர்களைப் பந்திக்கு அனுப்புகிறவரின் கைபோல இருக்கும்.

அவர் இறந்து சில வருடங்களாகிவிட்டன. இன்னும் ஹோர்ன் சத்தம் கேட்டால் மகள் எங்கே என்று தேடுகிறேன். என் மகள் வலது காலைச் சற்று இழுத்து நடக்கிறாள். அவள் அடிபட்ட அன்று அந்த வளைவில் இருந்த ஒரே சாட்சி அவர். பிழை யாருடையது என்று அவர் வாய் திறந்து சொல்வதற்காக மூன்று கிழமை அவர் வீட்டுக்கு நடந்தேன். நாற்பது வருடம் தெரிந்திருந்த ஒரு மனிதரை அந்த மூன்று கிழமையில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது அவர் பேக்கரியிலிருந்து வீடு வீடாகப் பாண் கொண்டுபோகும் பாண்காரர். சைக்கிளின் பின்னால் தகர மூடி போட்ட மரப்பெட்டி. உள்ளே இறாத்தல் பாண், மேல்தட்டில் பணிஸ். அந்தப் பாரத்தோடு டவுனிலிருந்து ஏற்றம் முழுக்க ஆசனத்தை விட்டு எழும்பாமல் மிதித்து வருவார். அறுபது வயது தாண்டியிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார். முழங்காலுக்குக் கீழே ஒரு மயிர் இருக்காது. கிழமைக்கு ஒருநாள் கால் சவரம் செய்வார். சைக்கிள் ஓட்டக்காரர்கள் எல்லோரும் அப்படித்தானாம், விழுந்தால் புண்ணில் மயிர் ஒட்டக்கூடாது என்று. ஓட்டத்தை விட்டு முப்பது வருடமான பிறகும் அவர் அதை விடவில்லை.

"காலையும் வழிச்சாச்சு. இனிக் கொலுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது" என்பார் அவர் மனைவி, அவர் காதில் விழும்படியாகவே.

அவர் கண்ணாடியில் முகம் பார்ப்பதை விடக் கவனமாகக் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு ஆறு வயது. பேராதனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வீதியின் இரு புறமும் சனம். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் சைக்கிள் ஓட்டம். எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்திலிருந்து மட்டும் ஒரு லொறி நிறைய ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள். அப்பா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டு டவுனில் புடைவைக் கடை வேலைக்கு வந்து பல வருடமாகியிருந்தது. லயத்துப் பேச்சு வந்தால் பேச்சை மாற்றுகிற ஆள். அன்று மட்டும் பக்கத்தில் நின்ற எல்லோரிடமும், தெரியாத சிங்கள மனிதர்களிடமும்கூட, "எங்க லயத்துப் பய வர்றான், எங்க லயத்துப் பய" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் எல்லோரையும் விட்டுவிட்டு ஒருவர் தனியாக வருகிறார் என்று முன்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் சொல்லிக்கொண்டு போனார். பிறகு அவர் வந்தார். மஞ்சள் பனியன், ஒல்லி உடம்பு, சைக்கிளின் மேல் துணியை மடித்துப் போட்டதுபோல் குனிந்த முதுகு. அவருக்குப் பின்னால் வீதி வெறுமையாகக் கிடந்தது. தோட்டத்து ஆட்கள் போட்ட சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

எங்களுக்கு நேராக வந்தபோது அவர் மிதிப்பதை நிறுத்தினார். சக்கரம் மட்டும் கிர் என்று சுற்றியது.

"நிப்பாட்டாத. மிதி. மிதிடா" என்று அப்பா கத்தினார். அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அவர் மிதிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே மஞ்சள் பனியனில் இன்னொருவர் வளைவில் தெரிந்தார். அந்த ஆள் நெருங்கியதும் இவர் இடது பக்கம் ஒதுங்கினார். வலது கையை உயர்த்தி, முன்னோக்கி இரண்டு தடவை வீசினார். அந்த ஆள் கடந்து போனார். இவர் அவருக்குப் பின்னால் போனார். கண்டி டவுனில் அந்த ஆளுக்கு மாலை போட்டார்கள்.

அப்பா என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்.

விஷயம் பிறகு தெரிந்தது. கொழும்பில் ஒரு பிஸ்கட் கம்பனி அவரை வேலைக்கு எடுத்திருந்தது. இடாப்பில் அவர் பெட்டி கட்டும் தொழிலாளி. ஒரு பெட்டியும் கட்டியதில்லை. காலையில் எழுந்து எழுபது மைல், எண்பது மைல் மிதிப்பதுதான் வேலை. ஆனால் ஜெயிப்பது அவர் வேலை அல்ல. ஜெயிக்கிறதுக்குக் கம்பனி இன்னொருவரை வைத்திருந்தது. அவருக்கு முன்னால் போய், எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொண்டு, அவர் களைத்துப்போகாமல் கடைசி மைல்வரை கொண்டுவந்து சேர்ப்பது இவர் வேலை. அன்று ஏற்றத்தில் ஜெயிக்க வேண்டியவர் பின்தங்கிவிட்டார். இவருக்குக் கால் நன்றாக ஓடியிருக்கிறது. தெரியாமல் முன்னால் வந்துவிட்டார். பாலத்தடியில் ஞாபகம் வந்திருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் வந்தவரை அப்பா வீட்டுக்குக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே கேட்டார்.

"ஏன்டா தம்பி அன்னைக்கு நிப்பாட்டின?"

"நிப்பாட்டலைங்க அண்ணே. சைட் குடுத்தேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"அதுக்குத்தாங்க சம்பளம்." அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "எங்கம்மா தோட்டத்துல கொழுந்துக் கூலி. நான் கொழும்புல காத்துக் கூலி. காத்து எனக்கு, கப்பு அவருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அப்பாவால் மன்னிக்க முடியவில்லை. பின்னாளில் அவர் பாண் கொண்டுவரத் தொடங்கியபோது அப்பா அந்தப் பாணைச் சாப்பிட்டார்; ஆனால் வாங்குவதற்கு ஒரு தடவையும் வாசலுக்கு வரவில்லை. "சைட்காரன் வந்துட்டான், போய் வாங்கு" என்று என்னை அனுப்புவார்.

அப்பாவின் எரிச்சல் எனக்கும் வந்தது. எங்கள் வீட்டில் சொத்தாக வந்தது அது ஒன்றுதான் என்று சொல்லலாம். இந்தியாவில் சைக்கிள் ஓடப்போகும் அணியில் அவர் பெயர் இருந்த கதையைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். பாஸ்போர்ட் எடுக்கப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டும். தோட்டத்துத் தமிழர்களான எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அது அப்போது இல்லை. விசாரணைக்கு வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. காலையிலேயே போய் வரிசையில் ஏழாவது ஆளாக நின்றிருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வந்தாள். தன் இடத்தைக் கொடுத்தார். தடி ஊன்றிய கிழவர் ஒருவர், அவருக்கும் கொடுத்தார். தூரத்துத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் கடைசி பஸ் போய்விடும் என்று கெஞ்சினார்கள். பத்துப் பேரோடு நேரம் முடிந்து கதவை மூடியபோது இவர் பதினோராவது ஆள். அடுத்த திகதி வருவதற்குள் அணி இந்தியாவுக்குப் போய்த் திரும்பியும் விட்டது.

"அந்தக் கெழவன் அதுக்கப்புறம் ஒரு வருசங்கூட இருக்கல. பத்திரத்தக் கையில வச்சுக்கிட்டுச் செத்தாரு. நல்லதுதானே" என்றார், நான் ஒருநாள் இதைக் கேட்டபோது.

கம்பனி அணியைக் கலைத்தபோது ஓட்டக்காரர்கள் தங்கள் தங்கள் சைக்கிளைக் கொண்டுபோகலாம் என்றார்களாம். இவருடையதை இளையவன் ஒருவன் ஆசையாகப் பார்த்தானாம். அதோடு அந்தச் சைக்கிளும் போயிற்று. கம்பனி இனி நிஜமாகவே பெட்டி கட்டச் சொன்னது. அவர் ஊருக்கு வந்து, பேக்கரிக்காரரின் பார சைக்கிளில் ஏறினார்.

அவர் மனைவி மட்டும் சும்மா விடமாட்டார். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் சைட் குடுப்பாரு தங்கச்சி. நான் எதையாவது கேட்டா மட்டும் நட்ட நடு ரோட்டுல மாடு படுத்த மாதிரி."

ஒருநாள் நானே கண்ணால் பார்த்தேன். பஸ் வராமல் ஏற்றத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே இரண்டு சைக்கிள் வந்தன. ஒன்றில் டவுனில் வங்கியில் வேலை செய்யும் இளைஞர். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, இறுக்கிப் பிடித்த காற்சட்டை, வெளிநாட்டுச் சைக்கிள். பக்கத்தில் சாரத்தோடு, பாண் பெட்டியோடு இவர். இருவரும் சமமாக வந்தார்கள். இளைஞர் வாயைப் பிளந்துகொண்டு மிதித்தார். இவர் அவரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தார். உச்சிக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போது இவர் பிரேக்கைப் பிடித்தார். கை உயர்ந்தது. இளைஞர் முன்னால் போய், சைக்கிளைச் சாய்த்துவைத்து, போனில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டார்.

"ஏன் அண்ணே விட்டீங்க? யாரு இப்ப சம்பளம் தர்றா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் மிதிக்கிறான். மூச்சத்தான் வாயால விடுறான்" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பணிஸை எடுத்து நீட்டினார்.

இனி என் மகளின் விஷயம்.

நான் பயந்த சுபாவம். அரச மருந்தகமொன்றில் மருந்தாளராக இருக்கிறேன். கவுண்டருக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு நோயும் என் வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறவள். கணவருக்குக் கொழும்பில் வேலை, வார இறுதியில்தான் வருவார். மகள் டியூசனுக்குப் போனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு அழைப்பு, முடிந்ததும் ஒரு அழைப்பு, பஸ்ஸில் ஏறியதும் ஒரு அழைப்பு. அவளுக்கு அது வெட்கம். டியூசன் வகுப்பு வீதியின் மேற்பக்கத்தில், வளைவு முடிகிற இடத்தில். பஸ் தரிப்பிடம் எதிர்ப்பக்கத்தில். அந்த வளைவில் கீழிருந்து வருவது கிட்ட வரும்வரை தெரியாது. அவள் வகுப்பு முடியும் நேரமும் அவர் பின்னேரப் பாணோடு ஏறி வரும் நேரமும் ஒன்றாக இருந்தது. அவளைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, இரு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கையை வீசுவார். அவள் கடப்பாள்.

"பாண் மாமா நின்னா பயமில்லம்மா" என்று சொல்வாள். எதையும் நம்பாத நான் அதை நம்பினேன்.

அன்று நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மகளின் நம்பர், அவருடைய குரல். "தங்கச்சி, பெரியாஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். எத்தனை வரை எண்ணினேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பதினெட்டு.

ஆஸ்பத்திரி நடையில் அவர் நின்றிருந்தார். சட்டையில் இரத்தம், முழங்கையில் பாண் மா. பாணெல்லாம் வீதியில் சிதறிக் கிடக்க, பிள்ளையைத் திரீவீலில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். தள்ளுவண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். தாதி வந்தால் வழி விட்டார். ஒரு பூனை வந்தது, அதற்கும் விட்டார்.

"என்ன நடந்தது அண்ணே?"

"வேன் தங்கச்சி."

"எப்படி?"

"வேகமா வந்தான்" என்றார்.

தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் கணவருக்குப் போன் எடுத்தேன். இரண்டாம் நாள் பொலிசில் வேன்காரன் சொன்னது தெரிய வந்தது. பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு குறுக்கே ஓடியதாம். அவன் ஒழுங்காகத்தான் வந்தானாம். என் மகளின் போன் அடிபட்ட நேரம் பைக்குள் இருந்தது. அவர்தான் அதை எடுத்து எனக்குப் பேசினார். மகளிடம் கேட்டால், "கடந்தேன்மா. அவ்வளவுதான் ஞாபகம்" என்றாள். ஆகவே பாண்காரர் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் என் பிள்ளை ஓடினாள் என்றுதான் எழுதப்படும். காலையும் கொடுத்து, பிழையையும் அவள் சுமக்க வேண்டும்.

முதல் தடவை போனபோது பாண் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "பாக்கிறேன் தங்கச்சி" என்றார். பொலிசார் அவரை இரண்டு தடவை வரச் சொல்லியும் போகவில்லை என்று மனைவி சொன்னார். வீதியில் சைக்கிள் ஓட்டுவதையும் நிறுத்தியிருந்தார்; தள்ளிக்கொண்டே பாண் கொடுத்தாராம்.

இரண்டாம் தடவை, "அந்த வேன்காரப் பையனுக்கும் சின்னப் புள்ள ஒண்ணு இருக்காம்" என்றார்.

"எனக்கு இருக்கிறது என்ன, பொம்மையா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். வழி முழுக்க அப்பாவின் குரல் என் தலைக்குள் கத்திக்கொண்டிருந்தது. இந்த மனிதருக்கு எதுவும் தன்னுடையது என்று தோன்றாதா? ஒரு இடத்திலாவது ஊன்றி நிற்கத் தெரியாதா?

மூன்றாம் தடவை நான் நேரே கேட்டேன். அவர் கட்டிலில் இருந்தார். மனைவி அடுப்படியில்.

"இத்தன காலமா எல்லாருக்கும் சைட் குடுத்தீங்க. எனக்காக ஒரே ஒரு தடவ முன்னுக்கு வாங்க அண்ணே. கண்டதச் சொன்னாப் போதும்."

"நான் காணலையே தங்கச்சி."

"அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன். வளைவ முடிச்சு வெளிய வந்துட்டேன். வேன் உள்ளுக்கு வருது, சத்தம் கேக்குது. ஹோர்ன் அடிக்கிறான், அவசரக்காரன். காது அங்க போயிருச்சு. முன்னுக்குப் பாக்கல." நிறுத்தினார். "காதால ரோட்டப் பாத்துப் பழகிட்டேன். கண்ணு சும்மா இருந்துச்சு. சைட் குடுத்தேன்."

அவருடைய வலது கை உயர்ந்தது. கட்டிலில் இருந்தபடியே முன்னோக்கி இரண்டு தடவை வீசினார். அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"வேனுக்குத்தான் காட்டினேன். புள்ள முன்னுக்கு நின்னிருக்கு. அதுக்கு வேன் தெரியாது. நான் தெனமும் காட்டுற கைதானே. தனக்குன்னு நெனச்சு எறங்கிருச்சு." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேருக்கும் ஒரே கையால சைட் குடுத்துட்டேன் தங்கச்சி."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவர்மேல் கோபம்கூட அந்த நிமிடம் வரவில்லை. இதை இவர் பொலிசில் சொன்னால் வேன்காரன் தப்பிவிடுவான் என்ற நினைப்புத்தான் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அண்ணே, கை காட்டினத விட்டுருங்க. வளைவுல முந்தினான், வேகமா வந்தான். ரெண்டும் உண்மை. அத மட்டும் சொல்லுங்க. உங்களுக்கும் பிரச்சினை வராது."

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"எல்லாருக்கும் விட்டுக் குடுத்தீங்க. கப்ப விட்டீங்க, இந்தியாவ விட்டீங்க. எனக்கு இந்த ஒரு சொல்ல விடக் கூடாதா?"

"ஏலாது தங்கச்சி."

மெதுவாகத்தான் சொன்னார். மனைவி அடுப்படி வாசலுக்கு வந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பத்தஞ்சு வருசமா இந்த மனுசன் வாயில வராதான்னு காத்துக்கிட்டிருந்த சொல்லு. வர்றதுக்கு இந்த நாள்தானா பாத்துச்சு" என்றார். அது எனக்குச் சொன்னதா அவருக்குச் சொன்னதா தெரியவில்லை.

அங்கிருந்து நேரே மகளிடம் போனேன். "மாமா கை காட்டினாரா?" என்று கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னா அவர என்னம்மா செய்வாங்க?"

ஆக இவளும் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். இவள் அவருக்காக மறைக்கிறாள். அவர் மூன்று கிழமை தயங்கியது எதற்கென்று அவருக்கே தெரியும். எல்லோரும் ஒருவருக்கொருவர் சைட் கொடுத்துக்கொண்டிருக்க, நடுவில் நான் ஒருத்தி மட்டும் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மறுநாள் அவர் பொலிசுக்குப் போனார். நானும் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. கடைசி நிமிடத்தில் வழக்கம்போல் ஒதுங்கிவிடமாட்டாரா என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். வேன்காரனும் வந்திருந்தான். மீசை சரியாக முளைக்காத பையன். அதிகாரி கதிரையைக் காட்டினார். பாண்காரர் அதை என் பக்கம் தள்ளிவிட்டு நின்றுகொண்டே பேசினார். சிங்களத்தில் பேசினார், கொழும்புக் காலத்துச் சிங்களம். எனக்கும் அது தெரியும். வேன் வேகமாக வந்ததைச் சொன்னார். வளைவில் முந்தியதைச் சொன்னார். பிறகு தான் சைட் கொடுத்ததைச் சொன்னார். அவர்கள் மொழியிலும் அது சைட்தான்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "மாமா, இதை எழுதினால் உங்கள்மேலும் வழக்கு வரலாம். தெரியுமா?"

"எழுதுங்க மாத்தயா" என்றார்.

"பிள்ளை ஓடினாளா?"

"ஓடல. நான் கைகாட்டினதால நடந்து வந்திச்சு. ஒவ்வொரு நாளும் அப்படித்தான் வரும்."

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்து வைக்கும்போது பேனாவை யாருக்கும் கொடுக்காமல் தானே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வேன்காரப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முடிவில் பையனுக்கு வளைவில் முந்தியதற்குத் தண்டம் விதித்து, சில மாதங்களுக்கு லைசன்ஸை எடுத்துக்கொண்டார்கள். நான் கேட்டது அதைவிட அதிகம். அவரை எச்சரித்து விட்டார்கள். போனைப் பார்த்துக்கொண்டு ஓடிய பிள்ளை என்ற பேச்சு அந்த வாக்குமூலத்தோடு நின்றுபோனது. அந்தக் கையைச் சொல்லாமல் விட்டிருந்தால், என் மகள் ஏன் வீதியில் இறங்கினாள் என்பதற்கு யாரிடமும் பதில் இருந்திருக்காது. இது எனக்கு விளங்க நிறையக் காலம் எடுத்தது. விளங்கிய பிறகும் ஆறவில்லை. வாழ்க்கை முழுக்கக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒதுங்கி நின்ற மனிதர், ஒதுங்கவே மாட்டேன் என்று நின்றது என் ஒருத்திக்கு முன்னால் மட்டும்தான். அப்பா இருந்திருந்தால் இதற்குச் சந்தோசப்பட்டிருப்பாரா, கோபப்பட்டிருப்பாரா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அவர் பேக்கரிக்காரரிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் திரீவீலில் எங்கள் பக்கத்துக்குப் பாண் வரத் தொடங்கியது. நான் வாங்குவதில்லை. மகள் அவர் வீட்டுக்குப் போகக் கேட்டாள். கால் சுகமாகட்டும் என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அவர் மனைவி ஒரு தடவை மருந்தகத்துக்கு வந்தார். பிரஷர் மாத்திரைக்கான மருந்துத் துண்டு பாண்காரரின் பெயரில் இருந்தது. மாத்திரையைக் கொடுத்தேன். எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது அதே வளைவில். எட்டு மாதம் போயிருக்கும். மகள் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். கால் பயிற்சிக்குப் போய்விட்டு, டியூசன் வகுப்பில் பாடக்குறிப்புகளை வாங்கிக்கொண்டு, தரிப்பிடத்துக்குக் கடப்பதற்காக வீதியோரத்தில் நின்றோம். நான் அவள் முழங்கையைப் பிடித்திருந்தேன். எதிர்ப்பக்கத்தில் அவர். பெட்டி இல்லாத வெறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். அவரும் எங்கள் பக்கம் கடக்க வேண்டியிருந்தது என்று முன்சக்கரம் திரும்பியிருந்த விதத்தில் தெரிந்தது. கால்கள் மழிக்கப்படாமல் நரைத்த மயிரோடு இருந்தன. இரண்டு கையும் சைக்கிளின் கைபிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு பஸ் போனது. ஒரு லொறி போனது. பிறகு வீதி வெறுமையானது. அவர் கையைத் தூக்கவில்லை. நாங்களும் இறங்கவில்லை.

மகள் தடியை இடது கைக்கு மாற்றினாள். என் பிடியிலிருந்து முழங்கையை விடுவித்துக்கொண்டாள். வலது கையை உயர்த்தி, அவரைப் பார்த்து முன்னோக்கி இரண்டு தடவை வீசினாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, யாருக்கு வழி விடுகிறாள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை.